கண் திறந்த வரிசை

1

ஜெபம் பண்ண வேண்டிய நேரத்தில் வேடிக்கை பார்த்ததால் கிடைத்த கதை இது.

எங்கள் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின் நடுவில் போதகர் ஒரு கட்டத்தில் குரலைத் தாழ்த்தி, "இப்போது ஒவ்வொருவரும் உங்கள் உள்ளத்தில் ஆண்டவரோடு பேசுங்கள்" என்பார். எல்லாரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். நானும் மூடுவேன். ஆனால் என் உள்ளம் ஆண்டவரிடம் போகிற வழியில் அடுப்படியில் இறங்கிவிடும். காஸை மூடினேனா, மாடியில் காயும் துணியை எடுத்தேனா என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவதற்குள் ஆமென் வந்துவிடும்.

அன்று அலுத்துப்போய்க் கண்ணைத் திறந்தேன். முன்னால் இடதுபக்க வரிசையில் ஒருவர்கூடக் கண்ணை மூடவில்லை. அது காது கேளாதவர்களின் வரிசை. கண்ணை மூடினால் அவர்களுக்கு எல்லாமே நின்றுபோகும். அவர்களைப் பார்த்தபடி ஒரு பெண் நிற்பாள். போதகர் பேசுவதைச் சைகையில் சொல்வது அவள் வேலை. மௌன ஜெபத்தில் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பதால் அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள்.

அன்று அவள் கைகள் அசைந்துகொண்டிருந்தன. சின்ன அசைவு. தலை குனிந்திருந்தது. அந்த வரிசை முழுவதும் அவளையே பார்த்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் எழுந்தார், வெளியே போனார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. சபை முழுவதும் கண்ணைத் திறந்தபோது அவள் கைகள் கட்டியபடி இருந்தன.

நான் பார்த்தது அவ்வளவுதான். எனக்குச் சைகை மொழி தெரியாது. அவளிடம் போய்க் கேட்கவும் துணியவில்லை. இனி வருவது முழுக்கக் கற்பனை.

2

முதல் தொடக்கம்: "அவளுடைய விரல்கள், மழையில் நனைந்த இரண்டு புறாக்களைப் போல—"

[வேண்டாம். புறா, மழை இரண்டையும் தேவைக்கு மேல் பயன்படுத்தியாயிற்று.]

இரண்டாவது தொடக்கம்: "அன்று காலையிலிருந்தே கணவனும் மனைவியும்—"

[இந்தச் சண்டை எனக்குத் தெரியும். நாலு நாவலில் எழுதியிருக்கிறேன்.]

என் வீட்டுக்காரர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"என்ன, புருஷன் பொண்டாட்டி ஆக்கிட்டியா?"

"அவர் அப்படி எழுந்து போனாரே. யாரோ ஒருத்தர் அவ்வளவு கோவமா போவாங்களா?"

"உன் கதையில ரெண்டு பேர் முறைச்சுக்கிட்டா மூணாவது பக்கத்துல மழை வந்துடும். குடை எடுத்து வைக்கட்டுமா?"

குடை தேவைப்படாது என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். ஆனால் கணவன் மனைவி என்பதை மாற்றவில்லை. முதலில் அவரைத் தச்சர் ஆக்கினேன். இயேசுவும் தச்சர்தானே, தேவாலயக் கதையில் தச்சர் வந்தால் வாசகர்கள் நமுட்டுச் சிரிப்புச் சிரிப்பார்கள் என்று அடித்துவிட்டேன். அவர் சோபா தைப்பவர். பழைய சோபாவை உரித்து, புது ஃபோம் வைத்து, துணி இழுத்து ஆணி அடிக்கிற பட்டறை.

3

இந்த வரிசையில் யாருக்கும் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்கப் பொறுமை கிடையாது. ஆளுக்கு ஒரு சைகை வைத்துக்கொள்வார்கள். அவளைச் சொல்ல மோவாயில் ஒரு விரல் வைப்பார்கள், அங்கே மச்சம் இருப்பதால். கணவரைச் சொல்ல உதட்டோரம் இரண்டு விரல். வேலை செய்யும்போது உதட்டில் ஆணிகளைக் கவ்வியிருப்பவர். போதகர் நிமிஷத்துக்கு ஒருதரம் கண்ணாடியை மேலே தள்ளுவார், ஆகவே அவர் கண்ணாடி. மச்சம், ஆணி, கண்ணாடி. நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

வாய் நிறைய ஆணி இருந்தாலும் ஆணி நன்றாகப் பேசுவார். கையில் சுத்தியலை எடுத்தால்தான் அவர் பேச்சு நிற்கும்.

மச்சத்துக்குக் காது கேட்கும். காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அவள் வேலை பார்த்தபோது நாற்காலிகளுக்குக் குஷன் போட வந்தவர் ஆணி. கல்யாணத்துக்குப் பிறகு அவர் தேவாலயத்துக்குப் போக ஆசைப்பட்டார், அவருக்காக அவள் முன்னால் நின்றாள், பிறகு அவருடைய நண்பர்களும் வந்தார்கள். ஒரு வரிசை உருவாயிற்று. அவளுக்கு ஆண்டவர்மேல் நம்பிக்கை என்று ஒன்றும் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஒரே ஒருமுறை பள்ளிக்கூடத் தோழி கேட்டபோது, "குழாய்க்குத் தாகம் எடுக்குமா என்ன?" என்று சிரித்திருக்கிறாள்.

அப்படியானால் அன்று ஏன் கை அசைந்தது?

இங்கேதான் பல நாள் மாட்டிக்கொண்டேன். [ஒரு நோய் கொடுத்துப் பார்த்தேன். அம்மாவைச் சாகடித்துப் பார்த்தேன். அடித்துவிட்டேன், பாவம் அந்த அம்மா.] பெரிய காரணம் எதைக் கொடுத்தாலும் அவள் பொம்மை மாதிரி ஆனாள். கடைசியில் என் காரணத்தையே அவளுக்கும் கொடுத்தேன்: ஆர்வம். "உள்ளத்தில் பேசுங்கள்" என்பதைக் கணக்கில்லாத தடவை கையால் சொல்லியிருக்கிறாள். சொல்லி முடித்ததும் இவ்வளவு பேரும் எங்கேயோ போய்விட்டு முகம் மாறித் திரும்பி வருகிறார்கள். எங்கே போகிறார்கள்? அன்று தானும் போய்ப் பார்க்கலாமே என்று நினைத்தாள்.

மனதுக்குள் படிக்கும்போது சிலருக்கு உதடு அசைவதில்லையா, அதுபோல அவளுக்கு நினைத்ததும் கை அசைந்துவிட்டது. அவள் சொன்னது இது:

"இருக்கீங்களா? இதுவரைக்கும் மத்தவங்களுக்காகத்தான் இங்க நின்னேன். எனக்கு உங்களைத் தெரியாது. நம்பினதும் இல்ல. இன்னிக்கு என்னமோ, தெரிஞ்சுக்கணும்போல இருக்கு."*

மௌன ஜெபம் என்பது அந்த வரிசைக்கு முன்னால் மட்டும் மௌனமாக இல்லை. எல்லாரும் படித்துவிட்டார்கள். ஆணியும்.

* சைகைக்கு எந்தத் தமிழ் பொருந்தும் என்று யோசித்தேன். வீட்டில் பேசுகிற தமிழ்தான். அவர்களுக்கு அது வீட்டுப் பேச்சு.

4

பட்டறையில் ஒரு சோபா கவிழ்ந்து கிடந்தது. ஆணி அதன் அடிவயிற்றில் பட்டை கட்டிக்கொண்டிருந்தார். மச்சம் எதிரில் வந்து நின்றதும் கண்ணை மூடிக்கொண்டார். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்வதுபோல.

அவள் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தாள். மூடிய இமைக்குள்ளும் வெளிச்சம் போய்த் தொந்தரவு செய்யும். கண்ணைத் திறந்தார். ஆணிகளை டப்பாவில் துப்பினார்.

"பல்பு போயிடும்டி."

"போகட்டும். என்னைப் பாரு."

"எப்ப இருந்து நம்பிக்கை இல்ல?"

"எப்பவுமே இருந்ததில்ல."

"அப்போ அங்க நின்னு சொன்னதெல்லாம்?"

"கண்ணாடி சொன்னதைத்தான் சொன்னேன்."

"எல்லாமே அவர் சொன்னதா?"

"அவர் சொன்னதையே கொஞ்சம் நல்லா சொன்னேன்."

"ஜோக்கு?"

"அது என்னோடது."

"அடிப்பாவி. அந்த மனுஷனுக்கு எப்படி இவ்வளவு குசும்புன்னு நாங்க பேசிக்கிட்டதெல்லாம் போச்சா!" அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயிற்று. "எனக்குத் தெரிஞ்ச ஆண்டவர் உன் கை வழியா வந்தவர், மச்சம். இப்போ அதுல அவர் எவ்வளவு, நீ எவ்வளவு? நான் எப்படிப் பிரிச்சுப் பாப்பேன்?"

அவள் அவர் பக்கத்தில் வந்து குந்தினாள். பிறகு சொன்னாள்.

"ஒண்ணை மட்டும் மறைச்சேன். இயேசு ஒரு காது கேளாதவனைக் குணமாக்கினாரே, அது. ஒவ்வொரு தடவை அது வரும்போதும் வேற எதையாவது சொல்லிச் சமாளிச்சேன். குணமாகணும்னு சொன்னா உனக்கு மனசு நோகும்னு."

"தெரியும்."

"தெரியுமா?"

"கண்ணாடியோட வாய் ஒரு பக்கம் போச்சு, உன் கை ஒரு பக்கம் போச்சு. வீட்டுக்கு வந்து நானே பைபிளை எடுத்துப் படிச்சேன்."

"நோகலையா?"

"ஏன் நோகணும்? அவரு அந்த ஆளைக் கூட்டத்துல இருந்து தனியா கூட்டிட்டுப் போறாரு. எல்லாரும் வேடிக்கை பாக்க வேண்டாம்னு. அப்புறம் அவன் காதுல விரல் வைக்கறாரு. நாக்கைத் தொடறாரு. மேல பாக்கறாரு. பெருமூச்சு விடறாரு. இவ்வளவும் ஆன பிறகுதான் வாயைத் திறக்கறாரு. நம்ம ஆளுகிட்ட முதல்ல கையால பேசினவர்டி அவரு! அதைப் போய் மறைச்சியே."

[இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்துபோய் அந்தப் பகுதியைப் படித்தேன். ஆணி சொன்னது சரிதான். சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை காதால் கேட்டிருக்கிறேன். அதில் அவ்வளவு சைகை இருந்ததை நான் கவனித்ததே இல்லை. என் பாத்திரம் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.]

"நீ நம்பலைன்னு கோவம் இல்ல," என்றார் ஆணி. "ஞாயித்துக்கிழமை ஆனா ரெண்டு பேரும் ஒரே இடத்துக்குப் போறோம்னு நினைச்சுட்டிருந்தேன். நான் தனியாத்தான் போயிருக்கேன். அதான்."

"நான் இப்பத்தான் கிளம்பறேன்."

"எங்க?"

"தெரியல. கேட்டிருக்கேன்."

அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டார். பேச்சு முடிந்தது. அடுத்த ஞாயிறு அவர் வருவாரா என்பதை அவர் சொல்லவில்லை.

5

மச்சம் போதகரிடம் போனாள். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர், எனக்குப் பதிலா வேற யாரையாவது பாத்துக்கோங்க."

"என்னம்மா ஆச்சு?"

அவள் ஒளிக்காமல் சொன்னாள். நம்பிக்கை இல்லை, இப்போதுதான் தேடத் தொடங்கியிருக்கிறாள், பேசியதில் சொந்தச் சரக்கும் கலந்திருந்தது.

போதகர் கண்ணாடியை மேலே தள்ளினார். "சொந்தச் சரக்குன்னா?"

"முக்கியமா ஜோக்கு."

"ஓ." அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்த வரிசை மட்டும்தாம்மா என் ஜோக்குக்குச் சிரிக்கும். அந்த வாரம் முழுக்க அந்தச் சந்தோஷத்துலதான் ஓடும்."

"மன்னிச்சிடுங்க பாஸ்டர்."

"பரவால்ல. நம்பிக்கை எனக்கும் சில வாரம் காணாம போகும். என்கிட்ட மைக் இருக்கு, சத்தமா பேசினா எனக்கே கொஞ்சம் தைரியம் வந்துடும். உன்கிட்ட அதுவும் இல்ல." யோசித்தார். "வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் நில்லும்மா. நீ இல்லைன்னா அவங்க எங்க பாப்பாங்க?"

"நிக்கறேன். ஆனா சொன்னதை மட்டும்தான் சொல்வேன். ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன்."

"ஜோக்கையும் அப்படியேவா?"

"அப்படியே."

"ஐயோ," என்றார் போதகர்.

6

முடிவு, முதல் முயற்சி: ஆணி ஆராதனைக்கு வருகிறார். எல்லார் முன்னாலும் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

[பிடித்துக்கொண்டால் அவளால் பேச முடியாது. என் பழைய நாயகர்கள் எல்லாரும் கையைப் பிடித்தார்கள். இவளுக்கு அது வாயைப் பொத்துவது.]

இரண்டாவது முயற்சி: கண்ணாடி ஜன்னல் வழியாக ஒரு வெளிச்சம் இறங்கி, அவள் நெஞ்சில் ஏதோ ஒன்று—

[ஏதோ ஒன்று என்று எழுதினாலே எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தம்.]

"சரி, அவளுக்கு நம்பிக்கை வந்துச்சா இல்லையா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"தெரியலைங்க."

"நீதானே எழுதறே!"

"அதான் பிரச்சினை."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ஜெபத்துல நீ கண்ணை மூடிக்கிட்டு என்ன சொல்லுவே?" என்று கேட்டார். இத்தனை காலம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம், இதை ஒருவரையொருவர் கேட்டதே இல்லை. அடுப்படியைப் பற்றிச் சொன்னேன். அவர் ஆட்களின் முகங்களைத்தான் நினைப்பாராம். பேச்சே இல்லையாம். வெறும் முகங்கள். யார் யார் என்று கேட்டேன். சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன்.

7

ஞாயிற்றுக்கிழமை. வரிசை நிரம்பிவிட்டது, ஓர நாற்காலி மட்டும் காலி. மச்சம் முன்னால் நின்றாள். பாட்டு முடிந்தது. போதகர் ஒரு ஜோக் சொன்னார். அவள் உள்ளது உள்ளபடி சொன்னாள். வரிசையில் ஒருவர் முகத்திலும் அசைவில்லை. அங்கிருந்த பெரியவர் ஒருவர் மட்டும், 'உடம்புக்கு முடியலையா கண்ணாடிக்கு?' என்று பக்கத்து ஆளைக் கையால் விசாரித்தார்.

பிரசங்கம் பாதியில் இருக்கும்போது ஆணி வந்தார். சட்டையில் ஃபோம் தூள் ஒட்டியிருந்தது. ஓர நாற்காலியில் உட்கார்ந்தார். அவளைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். ஒரு வார்த்தை விடாமல் பார்த்தார். மொழிபெயர்ப்பவளுக்கு அது தெரியும். அன்று அவள் சொன்னதில் அழகு குறைவாக இருந்தது, இடையிடையே தடுமாற்றம் இருந்தது. அவர் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"இப்போது ஒவ்வொருவரும் உங்கள் உள்ளத்தில் ஆண்டவரோடு பேசுங்கள்."

அதைச் சொல்லிவிட்டு அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள். சபை கண்ணை மூடிற்று. ஆணி மடியில் இருந்த கையை லேசாக உயர்த்தினார்.

"மச்சம்."

அவள் நிமிர்ந்தாள்.

"பதில் வந்துச்சா?"

கேலி இல்லை. கோபமும் இல்லை. அந்தப் பக்கம் போயிருக்கும் ஒருத்தியிடம் வழி எப்படி இருக்கிறது என்று கேட்கிற முகம். அவளும் கையை உயர்த்தினாள். உயர்த்தி,

"வந்துச்சு" [அடித்தேன்.]

"இல்ல" [அடித்தேன்.]

"இன்னும் இல்ல, ஆனா நீ கேட்டதே—" [இது அழகாக இருக்கிறது. முழுக்க என் நடை. அதனால்தான் அடித்தேன்.]

சொல்லப்பட்டதை மட்டும்தான் சொல்வேன் என்று அவள் வாக்குக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு என்ன சொல்லப்பட்டது என்று எனக்குத் தெரியாது. இங்கே நான் ஒரு வார்த்தை வைத்தால், அவள் விட்டுவிட்ட கலப்படத்தை நான் அவள் கையிலேயே திரும்பச் செய்வதாகும். அதற்காகவா அவர் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார்?

ஆகவே நான் கையைக் கட்டிக்கொள்கிறேன். அவள் கைகள் உயர்ந்திருக்கின்றன, அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்களும் பாருங்கள். கண்ணாடி இன்னும் ஆமென் சொல்லவில்லை.