செத்தால்தான் மவுசு

“ஆள் செத்துட்டானா? அப்பாடா! சந்தோஷம் மேடம்!”

போனில் பல் டாக்டர் இப்படிச் சொன்னதும் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

பழைய போர்ப் பதக்கங்களின் விளிம்பில் சிப்பாயின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும். அதை வைத்து அந்த ஆள் யார், எங்கே சண்டை போட்டான், பிறகு என்ன ஆனான் என்று தேடிச் சொல்வது என் வேலை. பெரும்பாலும் பேரப்பிள்ளைகள்தான் வருவார்கள். பல் டாக்டர் அப்படியல்ல, சேகரிப்பவர். உயிரோடு திரும்பியவனின் பதக்கத்தை அந்த வட்டாரத்தில் யாரும் சீந்த மாட்டார்கள். செத்திருக்க வேண்டும். சின்ன வயதில் செத்திருந்தால் இன்னும் விசேஷம்.

பல் பிடுங்கும் குறடுகளுக்குக் கீழ் இழுப்பறையில்தான் பதக்கங்களை வைத்திருந்தார். நோயாளி வாயில் பஞ்சோடு காத்திருக்க, எனக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார். “இவனுக்குக் குண்டு வயித்துல. இவன் தண்ணியில மூழ்கினவன். இது பாருங்க, அண்ணன் தம்பி, ஒரே நாள்ல! ஜோடியாக் கிடைக்கிறதெல்லாம் அதிர்ஷ்டம்.” முகம் அப்படி மலர்ந்திருக்கும்.

புதிதாக அவர் வாங்கிய பதக்கத்தின் சிப்பாயைப் பற்றி ராணுவக் குறிப்பில் ‘களத்தில் மரணம்’ என்று இருந்தது. அந்தச் சிப்பாயின் பேரில் இன்னொரு பதக்கமும் வீட்டுக்குப் போயிருந்தது. அது குடும்பத்தில் இருக்கும், கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று டாக்டர் நச்சரித்தார். சிப்பாயின் மகளைத் தேடிப் பிடித்தேன். தனியாகத்தான் போயிருக்க வேண்டும். நானும் வருவேன் என்று அவர் ஒட்டிக்கொண்டார்.

அந்த அம்மா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாவது மாடியில் சின்ன வீடு. முழங்காலைப் பிடித்துக்கொண்டே வந்து கதவைத் திறந்தார். டாக்டர் நாற்காலியில் முழுசாக உட்காரக்கூட இல்லை.

“அப்பா எப்படிம்மா செத்தாரு? கூட இருந்தவங்க யாராவது பார்த்து எழுதினாங்களா?”

“எதுக்கு எழுதணும்? நான்தான் பக்கத்துல இருந்தேன். இருமல் நிக்கவே இல்ல. எழுபத்தாறு வயசு.”

டாக்டரின் முகம் தொங்கிப்போனது. “என்னம்மா சொல்றீங்க? போர்ல சாகலையா?”

பெற்ற மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்ட கேள்வி. ஏமாற்றிவிட்டார்களே என்கிற தொனி வேறு.

அந்த அம்மா அசரவில்லை, நிதானமாகச் சொன்னார். களத்தில் ஒரு ராத்திரி கடுங்குளிர். கூட இருந்த சிநேகிதன் காய்ச்சலில் நடுங்க, அப்பா தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தியிருக்கிறார். கழுத்துக் கயிறு அறுந்துபோன அவரது பேர்த்தகடு அந்தக் கோட்டுப் பையில் கிடந்தது. விடிந்ததும் சண்டையில் சிநேகிதன் செத்தான். அப்பா எதிரியிடம் பிடிபட்டார். கோட்டிலிருந்த தகட்டைப் பார்த்து, செத்தது அப்பாதான் என்று புதைத்துவிட்டார்கள்.

“போர் முடிஞ்சு அப்பா வந்து நிக்கிறாரு. ஆபீஸ்ல ஒரு மேஜையில அவருக்கு உயிர் வந்துச்சு, இன்னொரு மேஜையில கடைசிவரைக்கும் வரல. பதக்கம் செத்தவனுக்கு வந்தது, எனக்கு வேணாம்னு ரெண்டையும் தூக்கிக் குப்பையில போட்டாரு. அம்மா ஒண்ணைத்தான் எடுத்தா. மத்தது எப்படியோ இவர் கைக்கு வந்திருக்கு.”

டாக்டருக்குப் போன உயிர் திரும்பிவிட்டது.

“அப்போ நிஜமாச் செத்தவன் யாரு? அவன் பேரென்ன? அவன் பதக்கம் யார்கிட்ட இருக்கு?”

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். “தெரியாது.”

டாக்டர் விறுவிறுவென்று படியிறங்கினார். “குறிப்புல செத்தான்னுதானே இருக்கு மேடம்? அப்படியே எழுதிக் கொடுத்துடுங்க. கிழவி சொன்னதெல்லாம் எதுக்கு?” முடியாது என்றேன். கார் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார்.

மேலிருந்து அந்த அம்மா கைதட்டிக் கூப்பிட்டார். திரும்ப ஏறிப் போனேன். சிநேகிதனின் பேரையும் ஊரையும் சொன்னார்.

“காணாமப் போனவன் வருவான்னு அந்த வீட்ல இருக்காங்க, நான் போய்க் கெடுக்கணுமான்னு அப்பாவுக்கு மனசு வரல. எனக்கு முழங்கால் வரல. நீ போம்மா.”

போனேன். செத்தவரின் தம்பி இருந்தார். மின்விசிறி, மிக்ஸி பழுது பார்க்கும் கடை. சொன்னதைக் கேட்டு, கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

“அப்போ எங்கண்ணன் ஓடிப்போகல?”

காணவில்லை என்று ராணுவம் சொன்னதை ஊர் ‘ஓடிப்போனான்’ என்று ஆக்கியிருந்தது. ஓடுகாலி வீடு என்று பேர். அக்காவுக்கு வந்த வரன்கள் அதிலேயே தட்டிப்போய், அவர் கல்யாணமாகாமலே செத்திருக்கிறார்.

மகளும் தம்பியும் சேர்ந்து மனு போட்டார்கள். நான் அலுவலகம் அலுவலகமாக அலைந்தேன். ஆறின கஞ்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஒரு அதிகாரி, “இவ்வளவு வருஷம் கழிச்சு யாரு புதைஞ்சிருந்தா என்ன?” என்று கேட்டுக்கொண்டே காது குடைந்தார். விடாமல் போய் நின்றதில் கல்லறையில் பெயர் மாறியது. செத்தவருக்குச் சேர வேண்டிய பதக்கமும், விளிம்பில் எண்ணும் பெயருமாகத் தம்பியிடம் வந்தது.

எப்படியோ மோப்பம் பிடித்து டாக்டர் கூப்பிட்டார். “மேடம், அதுக்கு மவுசே தனி! ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன்.” பாதியில் வைத்துவிட்டேன். தன்னிடமிருந்த பழைய பதக்கத்தை அவர் ‘வீரமரணம்’ என்று எழுதி வேறொருவர் தலையில் கட்டிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

தம்பி பதக்கத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேராகத் தெருக்கோடி வீட்டுக்குப் போனாராம். அக்காவைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஓடுகாலி கதையைச் சொன்ன பெரியவர் அங்கேதான் இருந்தார். பதக்கத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

“நல்லாருக்கே. உங்கண்ணன் ஓடிப்போனான்னு யாருப்பா சொன்னது?” என்று கேட்டாராம்.

அதைச் சொல்லிவிட்டுத் தம்பி எழுந்து கடை வாசலுக்குப் போய்க் காறித் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.