ஐவர் பெல்லுக்கு ஒரு கொலையாளி

'உப்புத்துறை' என்ற தொலைக்காட்சித் துப்பறியும் தொடரின் முதல் காட்சியில் பிணமாகக் கரையொதுங்கிய ஐவர் பெல் என்பவன், அது ஒளிபரப்பான மறுநாள் காலை கேப் டோலன் படகுத்துறைப் படிகளில் சொட்டச் சொட்ட ஏறி வந்து, தேநீர் கிடைக்குமா என்று கேட்டான். தொடர் எடுக்கப்பட்டது எங்கள் ஊரில்தான், வேறு எங்கே போவான் என்று யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. அவனாக நடித்தவர் சிட்னியில் நன்றாகத்தான் இருந்தார். இவன் அவரில்லை, கதையில் செத்தவன். புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்பின் சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் நெரிடா ஹாலோரன், கணவன் பெர்த்துக்கு ஓடிப்போனதிலிருந்து சும்மா கிடந்த பின்னறையை அவனுக்குக் கொடுத்தாள். தலையணை தினமும் கடல்நீரில் ஊறியது, அவளும் தினமும் எடுத்து வெயிலில் போட்டாள். தன்னைக் கொன்றது யார் என்று அவனுக்கே தெரியாது. எழுதுகிற மகராசர்களே இன்னும் முடிவு செய்யவில்லை, பாவம் அவனுக்கு எப்படித் தெரியும்?

ஒவ்வொரு வாரமும் தொடர் முடிந்ததும் கிளப்பில் ஊகம் தொடங்கும். எங்கள் கிளப்பில் தக்காளி சாஸை மாற்றுவதென்றாலும் ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய, மற்றவர்கள் கை தூக்க வேண்டும். கொலையாளி விஷயத்திலும் அதே முறைதான். வினை அங்கேதான் வந்தது. கை தூக்கி நிறைவேறிய ஊகமெல்லாம் ஐவரின் உடம்பில் இறங்கியது. விசைப்படகில் அடிபட்டான் என்று தீர்மானித்த வாரம் அவன் முதுகு கிழிந்தது. விஷம் என்றபோது உதடு நீலம் பாரித்தது. செத்தது அவனல்ல, அவனுடைய இரட்டைச் சகோதரன் என்று நிறைவேற்றிய வாரம் கண்ணாடியில் அவன் முகமே விழவில்லை. இதற்கெல்லாம் தலைமை, சிப்பிப் பண்ணையிலிருந்து ஓய்வு பெற்ற டெஸ் போவி. ஒரு காட்சியில், தொடரில் வரும் துப்பறியும் அம்மாளின் வலது கையில் இருந்த கோப்பை அடுத்த நொடி இடது கையில் இருந்ததை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர், கதை பின்னாலிருந்து முன்னால் ஓடுகிறது என்று சாதித்தார். ஐவரின் காயங்களுக்குக் கட்டுப்போட்டுக் கட்டுப்போட்டு நெரிடாவுக்கு ஆத்திரம் மண்டையில் ஏறிவிட்டது.

"யோவ் டெஸ், கப்பு கை மாறுனது யாரோ கவனிக்காம விட்ட தப்புய்யா."

"அப்படித்தான் நம்மள நம்ப வைக்கப் பாக்குறாங்க, நெரிடா."

"உன் கப்புக்காக ஒருத்தன் ராத்திரியெல்லாம் துடிக்கிறான். வந்து அவன் முதுகப் பாரு."

டெஸ் தன் பீரைப் பார்த்தார். "சரி, அடுத்த வாரம் விஷம்னே வெச்சுக்குவோம். வலி கம்மி."

ஐவர் யாரையும் குறை சொல்லவில்லை. "யாரா இருந்தாலும் பரவால்ல நெரிடா. ஒரே ஆளுன்னு ஆயிட்டாப் போதும்" என்பான். ஆண்டுகள் ஓடின. கடைசிப் பருவம் வந்தது. குருட்டாம்போக்கில் டெஸ் சரியான ஆளைப் பிடித்துவிட்டார்: கொன்றது ஐவரின் மைத்துனன், இடம் படகுக் கொட்டகை, ஆயுதம் கயிறு. ஐவரின் கழுத்தைச் சுற்றி ஒரு தடம் விழுந்தது. மற்ற காயங்களெல்லாம் மூடிக்கொண்டன, இந்தத் தடம் மாறவே இல்லை. தலையணை உலர்ந்தது. முதல் தடவையாக இறைச்சி அடைத்துச் சுட்ட பண்டம் ஒன்றை முழுதாகத் தின்றுவிட்டு மத்தியானம் வரை தூங்கினான். நெரிடாவும் அன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சு விட்டாள். அந்த வாரமே தொடரை எழுதியவர்கள் பத்திரிகையில் பேட்டி கொடுத்துப் பல்லைக் காட்டினார்கள். ரசிகர்கள் கண்டுபிடித்துவிட்டார்களாம், அதனால் முடிவை மாற்றி எழுதிவிட்டார்களாம், இனி ஒருத்தராலும் ஊகிக்க முடியாதாம். நெரிடா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த கத்தியைத் தொட்டியில் வீசினாள். "கண்டுபிடிக்கச் சொல்லித்தானடா துப்பு வெச்சீங்க? கண்டுபிடிச்சா குத்தமா?" என்று பத்திரிகையைப் பார்த்தே கத்தினாள். அவள் கேட்டதில் என்ன தப்பு?

கடைசி அத்தியாயத்துக்கு ஊரே கிளப்பில் கூடியது. துப்பறியும் அம்மாள் மருத்துவமனைக் கட்டிலில் கண் விழித்தாள். ஐவர் பெல் என்று ஒருவன் இருந்ததே இல்லை, யாரும் சாகவில்லை, எல்லாம் அவள் காய்ச்சலில் கண்ட கனவு என்று சொல்லி முடித்துவிட்டார்கள். டெஸ் நாற்காலியை உதைத்தார். அஞ்சு வருஷமா நம்மை முட்டாளாக்கிவிட்டான்கள், கண்டனக் கடிதம் எழுதுவோம், கையெழுத்து வாங்குவோம் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஹீட்டர் பக்கம் உட்கார்ந்திருந்த ஐவரை ஒருவரும் பார்க்கவில்லை. அவன் கைகள் ஏற்கெனவே மறைந்துவிட்டன. அவன் சட்டை வழியாகவே, பின்சுவர்ப் பலகையில் எழுதியிருந்த கிளப் போட்டிகளில் வென்றவர்களின் பெயர்களைப் படிக்க முடிந்தது. "வலியே இல்ல நெரிடா" என்றான். "இது நல்லால்ல. எனக்குப் பயமா இருக்கு."

நெரிடா கரண்டியால் மேசையில் ஓங்கி அடித்தாள். "கோரல், ஒரு தீர்மானம் கொண்டுவரேன்."

கிளப் தலைவி கோரல் வுண்ட்கே கூட்டத்தை அடக்கினாள். "சொல்லு."

"ஐவர் பெல்லக் கொன்னது நான்."

டெஸ் தலையைச் சொறிந்தார். "கதையில நீயே கெடயாதே."

"அவங்க கதையில அவனே கெடயாதாமே. ஆளே இல்லாத கதைக்கு நான் எதுக்குய்யா பாத்திரமா இருக்கணும்? ஆத்திரம் வந்துச்சு, குத்திட்டேன். இப்ப வந்திருக்கிற ஆத்திரம் பத்தாதா?"

"எதால குத்துன?" என்று கோரல் கேட்டாள்.

நெரிடா ஐவரின் உடம்பை மேலும் கீழும் பார்த்தாள். எந்த இடம் குறைவாக வலிக்கும் என்று யோசித்தாள். "ரொட்டி வெட்டுற கத்தியால. இடது தோளுக்குக் கீழ. ஒரே குத்துதான், சட்டுனு போயிட்டான்."

வழிமொழிய ஒரு ஆள் வேண்டும் என்றாள் கோரல். ஐவரின் உடம்பு கழுத்துவரை மறைந்துவிட்டது. டெஸ் எழுந்தார். மைத்துனன்தான் என்ற தன் ஊகத்தைக் கைவிடுவது அவருக்கு எளிதாக இல்லை, முகமே காட்டியது. "வழிமொழியறேன். ஆனா இதுல லாஜிக்கே இல்லன்னு எழுதி வெச்சுக்கோங்க" என்றார். முதலில் இரண்டு மூன்று கைகள், பிறகு எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஐவர் கத்தினான். தோளும் கையும் காலும் திரும்ப வந்தன, சட்டையில் ரத்தம் பரவியது. நெரிடா பாத்திரம் துடைக்கும் துணியை அங்கே அழுத்திப் பிடித்துக்கொண்டு, அழுதபடியே எழுதியவர்களை ஏழு தலைமுறைக்கும் சேர்த்து வைதாள்.

நகரத்திலிருந்து ஒரு போலீஸ்காரர் விசாரிக்க வந்தார். ஐவரே தேநீர் கொண்டுவந்து கொடுத்ததும் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஐவர் பெல்லைக் கொன்றது நெரிடா ஹாலோரன் என்பது இப்போது கேப் டோலனில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். மழைக்காலத்தில் குத்துப்பட்ட அந்த இடம் அவனைக் குடைகிறது. வலிக்கும்போதெல்லாம் அவன் அவளைத் திட்டுகிறான். அவளும், ஆமாம், நான்தானே குத்தினேன் என்று தைலம் தேய்த்துவிடுகிறாள்.