இடப்பக்க டாங்கி

1

சில லாரிகளுக்கு ஏன் இரண்டு டீசல் டாங்கி? வேலந்தாவளத்துப் பட்டறையில் சும்மாதான் கேட்டேன். மலைப்பாதையில் பங்க் கிடையாது, ஒன்று தீர்ந்தால் வால்வைத் திருப்பி மற்றதில் ஓட்டலாம் என்றார்கள். ஒரு கட்டுரைக்கு அது போதும். கூடவே ஒருவர் டிரைவர் சின்னையனைப் பற்றிச் சொன்னார். கட்டுரை அங்கேயே நின்றுபோனது.

2

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலு. மலைமுகட்டில் பனி மெல்ல விலக...

(வேண்டாம். சின்னையன் பனியைப் பார்க்கவில்லை. டீசல் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.)

ஊரெங்கும் டீசல் தட்டுப்பாடு. உடுமலை பங்கிலும் இல்லை. வலப்பக்க டாங்கியில் மூணாறு போய்ச் சேர மட்டும் இருந்தது. இடப்பக்க டாங்கியில் முதலாளி ஆறுமுகசாமி ஸ்பிரிட்டை நிரப்பியிருந்தார். மேலே சாராயக் கடைகளுக்குப் போகிற கள்ளச் சரக்கு. சோதனைச்சாவடியில் லாரியில் ஏற்றிய பிண்ணாக்கு மூட்டையைக் குத்திப் பார்ப்பார்கள். டாங்கியை யார் திறப்பார்கள்? சின்னையனுக்கு எல்லாம் தெரியும்.

மறையூர் தாண்டி, தேயிலைக் காட்டோரம் ஒருவன் நடுரோட்டில் கையை விரித்து நின்றான். தோட்டத் தொழிலாளி ராக்கப்பன்.

"அண்ணாச்சி, பொண்டாட்டிக்கு நேத்துலருந்து வலி. பிள்ள எறங்க மாட்டேங்குது. மேல லயத்துல கெடக்கா. தோட்டத்து ஜீப்பும் இல்ல. மூணாறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவணும்."

லயம், தொழிலாளர்களின் வரிசைவீடு, செங்குத்தான மேட்டில் இருந்தது. சின்னையன் முள்ளைப் பார்த்தார்.

"ஏறுங்க தம்பி."

3

(இவரை ரொம்ப நல்லவராக்கிவிட்டேனோ? இருக்கட்டும். ஏறச் சொன்னது அவர்தான்.)

சுருளியம்மாளைத் தூக்கிவந்து சீட்டில் கிடத்தினார்கள். மேடேறி இறங்கியதில் டீசல் கணக்குத் தப்பியது. மூணாறுக்கு முன்னால் ஒரு வளைவில் வண்டி இருமி நின்றது.

ராக்கப்பன் குதித்து இறங்கினான். "இந்தப் பக்கம் இன்னொண்ணு இருக்கே அண்ணாச்சி, அதத் திருப்புங்க!"

"அது காலிங்க."

ராக்கப்பன் தட்டிப் பார்த்தான். "நெறஞ்சில்ல இருக்கு!"

"தண்ணிங்க தம்பி. ரேடியேட்டருக்கு."

உள்ளேயிருந்து சுருளியம்மாள் அலறினாள். சின்னையன் வேறு வண்டி தேடி மேல்ரோட்டில் ஓடினார்.

4

அவர் ஒரு ஜீப்போடு திரும்பியபோது அலறல் நின்றிருந்தது. குழந்தை அழுதது என்று அடுத்த வரியை எழுதினேன். அடித்துவிட்டேன். குழந்தை அழவில்லை. தாய்க்கும் மூச்சு இல்லை.

சின்னையன் ஸ்பானரோடு வண்டிக்கடியில் படுத்து இடப்பக்க டாங்கியின் அடித்திருகைக் கழற்றினார். (போலீஸ் வருமுன் தடயத்தை அழிக்க என்று ஒரு தடவை எழுதினேன். உண்மையை வாயால் சொல்லமுடியாமல் என்று இன்னொரு தடவை. இரண்டும் அந்த ஒரே கையில் இருந்திருக்கும்.)

ஸ்பிரிட்டு ரோட்டில் ஓடியது. மனைவியின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த ராக்கப்பன் வாடை தெரிந்து திரும்பினான்.

"தண்ணின்னீங்களே."

"ஸ்பிரிட்டுங்க. இதுல வண்டி ஓடாதுங்க தம்பி, நெசமாவே ஓடாது. டீசல் இருக்கவேண்டிய எடமுங்க அது."

5

ராக்கப்பன் ஸ்பானரைப் பிடுங்கி...

ராக்கப்பன் தலையிலடித்துக்கொண்டு...

இரண்டையும் விட்டுவிட்டேன். அவன் கத்தவில்லை. கேட்டது ஒன்றுதான்:

"டீசல் பத்தாதுன்னு தெரிஞ்சுதான எங்கள ஏத்துனீங்க. எதுக்கு ஏத்துனீங்க?"

சின்னையன் வாயைத் திறந்தார். அவர் வாயில் வைக்க எனக்கு ஒரு சொல்லும் அகப்படவில்லை. உங்களிடம் இருந்தால் கொடுங்கள். அவன் கேட்டுக்கொண்டு நிற்கிறான்.