நாற்பது நொடிப் பாட்டு

"ஏங்க, உங்க ஆள் வந்திருக்காங்க. பேர் எழுதும்போதே சந்தேகப்பட்டேன். குரலைக் கேட்டதும் சந்தேகம் போயிடுச்சு."

காது மெஷின் கடையின் முன்மேசையைக் கவனிக்கும் மனைவி வந்து கிசுகிசுத்ததும் கடைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. 'நாலாம் மாடி' இசைக்குழுவின் பாடகி தன் கடைப் படியேறுவார் என்று அவர் நினைத்ததே இல்லை. நினைத்திருந்தால் கடையை வேறு தெருவுக்கு மாற்றியிருப்பார்.

காரணம் உண்டு. இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் அந்தக் குழுவின் கச்சேரி ஒன்று கேசட்டாக வந்தது. இன்றும் ரசிகர்கள் அதைச் செல்போனில் வைத்திருக்கிறார்கள். நடுவில் பாடகி ஒரு புதுப் பாட்டை ஆரம்பிப்பார்.

பஸ் போன பின்னும் நிற்கிறேன்,
கை மட்டும் இன்னும் அசைகிறது.

இரண்டே வரி, நாற்பது நொடி. மூன்றாவது வரிக்கு அவர் மூச்சை இழுக்கும்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல், "பழசைப் பாடுங்க" என்று கத்தும். உடனே ஹாலே சேர்ந்து கத்தும். பாடகி சிரித்துவிட்டு, ஊருக்கே மனப்பாடமான பழைய பாட்டுக்குத் தாவிவிடுவார். புதுப் பாட்டை அதற்குப் பிறகு எங்குமே பாடவில்லை.

அந்த முதல் குரல் நம் கடைக்காரருடையது. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

"சாப்பாட்டுல உப்பு இல்லைன்னாகூட வாயைத் திறக்க மாட்டார். போயும் போயும் அங்க திறந்திருக்கார்" என்று மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் கூடச் சிரித்து வைப்பார். ஆனால் அன்று கேட்டு வாங்கிய பழைய பாட்டு அவருக்கு எப்போதோ சலித்துவிட்டது. சலிக்காதது அந்த நாற்பது நொடிதான். பாடகி தாளத்துக்கு ஓர் இமைப்பொழுது பிந்தி வருவார், பக்கத்தில் இருப்பவரிடம் எதையோ சொல்ல வந்து தயங்குகிற மாதிரி. டிரம்ஸ் அவரை அவசரப்படுத்தாது. அவர் வந்து சேரும்வரை காத்திருக்கும். அப்படிக் காத்திருக்கும் தாளத்தை வேறெந்தக் குழுவிலும் கடைக்காரர் கேட்டதில்லை.

பாடகியைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்தார். 'பீப்' கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்லிக் காதைச் சோதித்தார். மெஷினைப் பொருத்தினார்.

"பேச்சு நல்லா கேக்குது தம்பி. பாட்டு போட்டாத்தான் தகர டப்பாவைத் தட்டின மாதிரி இருக்கு."

"நீட்டிப் பாடினா அதை விசில் சத்தம்னு நினைச்சு மெஷின் அமுக்கிடும் மேடம். பாட்டுக்குத் தனியா ஒரு செட்டிங் வைக்கிறேன்."

"மெஷின் மேல கோபப்பட முடியுமா? எங்க பாட்டை ஆளுங்களே அமுக்கியிருக்காங்க."

கடைக்காரரின் கை கம்ப்யூட்டர் கீபோர்டிலேயே நின்றது. இனி மறைப்பதில் அர்த்தமில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

பாடகி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானா? அப்ப குரல் கீச்சுன்னு இருந்துச்சே."

"கோபமில்லையா மேடம்?"

"எனக்கென்ன, பழசைப் பாடிக் கைதட்டல் வாங்கிட்டுப் போயிட்டேன். எழுதினவர் எங்க வீட்டுக்காரர். டிரம்ஸ் வாசிச்சாரே, அவர்தான். அவர் பாட்டு எழுதுவார்னு அந்த வாரம்தான் எனக்கே தெரியும். அதோட விட்டுட்டார்."

"இப்ப சார் எங்க..."

"வண்டி நிறுத்த இடமில்லாம வாசல்லயே கார்ல உட்கார்ந்திருக்கார்."

கதவருகே நின்ற மனைவி, "போங்க, இத்தனை வருஷமா என்கிட்ட புலம்பினதை அவர்கிட்டயே சொல்லிட்டு வாங்க. மேடத்தை நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

'இடி' என்பது டிரம்ஸ்காரரின் பட்டப்பெயர். வாசிப்புக்காக வைத்த பெயர். ஆள் பரம சாது. கார் ஜன்னலை இறக்கிவிட்டு, கடைக்காரர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"எந்தப் பாட்டு?"

கடைக்காரர் இரண்டு வரியையும் சொன்னார். "தினமும் கேக்கறேன் சார். மூணாவது வரி என்னன்னு..."

"அது இருக்கட்டும். கத்தினது எத்தனை பேர்?"

"முதல்ல நான் மட்டும்தான் சார். நான் கத்தினப்புறம்தான் மத்தவங்க சேர்ந்தாங்க. கேசட்ல தெளிவா கேக்குமே."

"கேசட்டை நான் கேட்டதே இல்லை." இடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நான் பின்னாடி உட்கார்ந்திருந்தேன். எனக்கு எல்லாம் மொத்தமாத்தான் வந்துச்சு. ஹால் முழுக்க வேண்டாம்னு சொல்லுதுன்னு நினைச்சுட்டேன்."

"பிடிக்காமக் கத்தலை சார். பழசு வேணும்னு..."

"ஒருத்தர்தானா?" என்றார் இடி மறுபடியும்.

கடைக்காரர் தலையாட்டினார். மன்னிப்புக் கேட்க வந்தவர், இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று அப்போதுதான் நினைத்தார்.

"நோட்டுல இன்னும் பதினோரு பாட்டு இருந்துச்சு தம்பி. அடுத்த வாரமே பழைய பேப்பரோட போட்டுட்டேன்." குற்றம் சாட்டுகிற குரலில்லை. கணக்கு விசாரித்தவருக்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னார்.

பாடகி வந்து முன்சீட்டில் ஏறினார். இடி கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

"காது எப்படி இருக்கு?"

"நல்லா கேக்குது. அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணுமில்லை."

"காது கேக்கற நேரத்துல பேச மாட்டேங்கறீங்க" என்றார் பாடகி. வண்டி நகர்ந்தது. கடைக்காரர் வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தார்.