தாண்டு போன கலம்

சந்தோஷம் வந்தால் பரீனாவின் வாய்க்குப் பூட்டு நிற்காது. சிலாவத்துறையில் பிறந்து பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இலை அரைப்பவள் அவள். முள்ளிக்குளத்து மார்த்தாவின் வேலியில் பிடுங்கிய முன்னைச் செடியின் இலைச் சாற்றை ஊதாத் திரவத்தில் விட்டாள். அது மஞ்சளாக மாறியது. ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் சத்து இருப்பதற்கு அது அடையாளம். அடுத்த மாதம் கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்க் கலங்களில் விட்டாள். பாதி செத்துக் கிடந்தன. உடனே மார்த்தாவுக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, உங்கட முன்னை புற்றுநோய்க் கலத்தை அழிச்சுப் போட்டுது."

உயிரியல் படித்தவர்களுக்குக் கலம் என்றால் உடம்பைக் கட்டிய, கண்ணுக்குத் தெரியாத துணிக்கை. கடலை நம்பிப் பிழைத்த மார்த்தாவுக்குக் கலம் என்றால் தோணி. அதுவும் மார்பில் புற்று வந்து, ஆஸ்பத்திரியில் போடும் ஆறு ஊசியில் மூன்றைப் போட்டு முடித்திருந்த மார்த்தாவுக்கு. படித்த பெண்ணுக்கு அந்த நினைப்பே வரவில்லை.

மூன்று கிழமை கழித்து மார்த்தாவின் புருஷன் எமிலியானுஸ் போன் எடுத்தார்.

"பிள்ளை, இவ நாலாவது ஊசிக்குப் போகேல்ல. இலைச்சாறுதான் குடிக்கிறா. நீங்கள் சொன்னதெண்டு சொல்லுறா."

மறுநாள் முதல் பஸ்ஸில் பரீனா முள்ளிக்குளத்தில் வந்து இறங்கினாள்.

மார்த்தா முற்றத்தில் இலை இடித்துக்கொண்டிருந்தாள். தலையில் மயிரில்லை, முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

"வாங்கோ தங்கச்சி. புற்று வருத்தத்தின்ர கலமே கடலடியில தாண்டு போச்செண்டு நீங்கள்தானே சொன்னீங்கள். இனி எனக்கு என்னத்துக்கு ஊசி?"

அப்போதுதான் பரீனாவுக்கு விளங்கியது. தன் வாயில் தானே அடிக்கலாம் போலிருந்தது. துணிக்கை, தட்டு, பரிசோதனை என்று எதையெதையோ சொல்லிப் பார்த்தாள். உலக்கை நிற்கவில்லை. கடைசியில் கரையில் கிடந்த எமிலியானுஸின் புதுத் தோணியைக் காட்டினாள்.

"அக்கா, அது கடலுக்குப் போயிட்டுதோ?"

"இன்னும் இல்லை. முழங்கால் தண்ணியில விட்டு, தண்ணி உள்ள வருதோ எண்டு இவர் ஒழுக்குப் பாத்தவர். ஆள் ஏறேல்ல."

"என்ர சாறும் அப்பிடித்தான். தட்டில விட்டது முழங்கால் தண்ணி. மனிசரை ஏத்த எத்தினை வருசம் செல்லுமோ தெரியாது. ஏத்தேலாமலே போகவும் கூடும். அந்த ஊசி ஆழ்கடல் ஓடிப் பாத்த தோணி. நான்தான் பிழையாச் சொன்னனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

உலக்கை நின்றது. மார்த்தா தோணியைப் பார்த்தாள். போன பயம் திரும்பி வந்து அவள் முகத்தில் குந்தியது. தானே கொடுத்த நம்பிக்கையைத் தானே பறித்துவிட்டோமே என்று பரீனா அழுதுவிட்டாள்.

"இஞ்சேருங்கோ," என்று மார்த்தா உள்ளே பார்த்துப் புருஷனைக் கூப்பிட்டாள். "கிளினிக் கொப்பியை எடுத்து வையுங்கோ. நாளைக்குப் போவம். டொக்டர் ஏசினால் ஏசட்டும்."

பிறகு எழுந்து வேலிக்குப் போய், ஒரு பை நிறையப் புது இலை பிடுங்கி வந்து பரீனாவின் மடியில் வைத்தாள்.

"நான் ஓடிப் பாத்த தோணியில போறன். நீங்கள் உங்கட தோணியை அவசரப்படாமல் ஒழுக்குப் பாருங்கோ. எனக்குப் பிறகு இந்த வருத்தத்தோட வாற பொம்பிளையள் அதில ஏற வேணும்."