சோயாவுக்குள் கோதுமை

கோதுமையில் இருக்கும் குளூட்டன் தன் குடலுக்கு ஆகாது என்பது லவீனாவுக்குத் தெரியவந்தபோது அவள் பாதியாக இளைத்திருந்தாள். பாண், ரோல்ஸ், கொத்துரொட்டி எல்லாவற்றையும் விட்டாள். சோறும் மீனும் அரிசிமாப் பிட்டும் சில மாதங்களில் அவளைத் தேற்றிவிட்டன. அதுவரைக்கும் பெரிய சிரமமில்லை. சிரமம் போத்தல்களில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கணவன் எமில்ராஜின் தமையன் குடும்பம் மன்னாரிலிருந்து குருநகர் வீட்டுக்கு வர இருந்தது. சோஸ் விட்டு உறைப்பாகப் பிரட்டும் கணவாய் டெவலைத் தன் கையாலேயே செய்வதாக எமில்ராஜ் அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

"எனக்கும் சேத்துச் செய்யுங்கோ. சோஸ் நான் பாத்து வாங்கிக்கொண்டு வாறன்" என்றாள் லவீனா.

சனிக்கிழமை காலை பிரகலாதனின் கடைக்குப் போனாள்.

"கோதுமை சேராத சோயா சோஸ் இருக்கோ அண்ணை?"

"சோயா சோசுக்கை ஆர் தங்கச்சி கோதுமை போடுறது? நீங்கள் சீனி இல்லாததைக் கேக்கிறியளோ?"

அவள் சோஸ் போத்தல்கள் அடுக்கியிருந்த தட்டுக்குப் போய், அவற்றில் ஒட்டியிருந்த எறும்பு எழுத்துகளைத் தொலைபேசிக் கமராவில் பெருப்பித்து வாசிக்கத் தொடங்கினாள். முதல் போத்தலில் கோதுமை என்றே போட்டிருந்தது. அந்த நேர்மைக்காக அவளுக்கு அதைக் கொஞ்சம் பிடித்துப்போனது. தக்காளி சோசில் மாப்பொருள் என்றிருந்தது. எந்த மா என்று இல்லை. மிளகாய் சோசில் மோல்ட் வினாகிரி. மோல்ட் என்றால் பார்லி, அதுவும் ஆகாது. சிப்பி சோசில் முழுக்கச் சீன எழுத்து.

கடைசியாக ஒரு சோயா சோஸ். இறக்குமதி செய்தவர்கள் ஒட்டிய வெள்ளை ஸ்டிக்கரில் 'சோயா அவரை, தண்ணீர், உப்பு, சீனி' என்று தமிழிலேயே இருந்தது. சந்தோசப்படப் போனவள், ஸ்டிக்கருக்கு அடியில் வேறு எழுத்துகள் நிழலாடுவதைக் கண்டாள். ஸ்டிக்கரில் இருந்த இலக்கத்துக்கு அங்கேயே நின்று அழைத்தாள். நெடுநேரம் பாட்டுப் போட்டபின் ஒருவர் எடுத்தார்.

"குளூட்டனோ? அப்பிடி ஒண்டும் நாங்கள் சேக்கிறேல்லை மிஸ். கொலஸ்ட்ரோலும் இல்லை."

"கோதுமை சேந்திருக்கோ எண்டு கேக்கிறன்."

"சுத்த சைவம் மிஸ்."

"கோதுமையும் சைவம்தானே!"

"அப்ப பிரச்சினை இல்லைத்தானே மிஸ்" என்று அவர் தொடர்பைத் துண்டித்தார்.

லவீனா நகத்தால் ஸ்டிக்கரின் மூலையைக் கிளப்பினாள்.

"தங்கச்சி, உரிச்சால் நீங்கள்தான் எடுக்கோணும்!" பிரகலாதன் ஓடிவந்தார்.

"எடுக்கிறன் அண்ணை. இதை வாசியுங்கோ."

ஸ்டிக்கருக்கு அடியில் ஆங்கிலத்தில் சோயா, தண்ணீர், உப்பு, சீனி. ஐந்தாவதாகக் கோதுமை. பிரகலாதன் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"ஒரு சொல்லைத்தான் விட்டிட்டாங்கள்" என்றார்.

"அந்த ஒரு சொல்லுக்குத்தான் அண்ணை நான் இவ்வளவு நேரமும் நிக்கிறன்."

வீட்டில் எமில்ராஜ் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஊறி நொதிக்கேக்கை கோதுமை இல்லாமல் போயிடும் எண்டு எங்கையோ வாசிச்சன்."

"ஒரு துளி என்ன செய்யப்போகுது பிள்ளை" என்றாள் மாமி லூர்த்தம்மா.

"போன முறை ஒரு துளி எண்டுதான் மாமி குடுத்தனீங்கள். மூண்டு நாள் நான் எழும்பேல்லை." குரல் உயர்ந்துவிட்டது. "எனக்குச் சோசே வேண்டாம். பழப்புளி, தக்காளி, செத்தல் மிளகாய் போட்டு வேறை தாச்சியிலை செய்யுங்கோ."

எமில்ராஜ் ஒத்துக்கொண்டான். ஞாயிறு மத்தியானம் அடுப்பில் இரண்டு தாச்சிகள் இருந்தன. பெரியதில் விருந்தினருக்கு, சோஸ் விட்டது. சின்னதில் அவளுக்கு. சாப்பாட்டுக் கோப்பைகள் எடுக்க உள்ளே வந்த லவீனா, அவன் பெரிய தாச்சியைக் கிளறிய அகப்பையாலேயே சின்னதையும் கிளறுவதைக் கண்டாள்.

"என்னப்பா செய்யிறியள்?"

அவன் கையைப் பார்த்தான். அகப்பையிலிருந்து கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ. நான் யோசிக்கேல்லை."

"ஒருத்தருமே யோசிக்கிறேல்லை. கடைக்காரர் யோசிக்கேல்லை, கொம்பனிக்காரர் யோசிக்கேல்லை. நான் மட்டும் ஒவ்வொரு வாய்க்கும் யோசிக்கோணும்."

அவள் சின்னத் தாச்சியைப் பெரியதுக்குள் கவிழ்த்துவிட்டுப் போனாள். எல்லோருக்கும் பரிமாறினாள். மைத்துனர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டு, இப்படி ஒரு டெவல் மன்னாரிலும் இல்லை என்றார். லவீனா சிரித்தாள். அவளுடைய கோப்பையில் சோறும் பருப்பும் மட்டும் இருந்தன.

விருந்தினர் பாய் விரித்துச் சரிந்ததும் எமில்ராஜ் மோட்டார்சைக்கிளை எடுத்தான். அந்த நேரத்தில் சந்தையில் கணவாய் முடிந்திருந்தது. தெரிந்த ஒரு தோணிக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டிக் கொஞ்சம் இறால் வாங்கி வந்தான். தாச்சியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தான். புது அகப்பையை இரண்டு தரம் கழுவி அவளிடம் காட்டினான். அவள் குசினி வாசலில் கைகட்டிக்கொண்டு, அவன் கை போகும் இடமெல்லாம் பார்த்தபடி நின்றாள்.

வெயில் சாய்ந்த பிறகு அவள் இறாலை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டாள். அவன் எதிரே அமர்ந்து அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பிடி இருக்கு?"

"உப்புக் காணாது" என்றாள். கோபம் இன்னும் போகவில்லை. ஆனாலும் கோப்பையை நீட்டி, தாச்சியில் மிச்சமிருந்ததையும் போடச் சொன்னாள்.