வெட்டிப் பார்த்த ரியால்

மிஸ்ஃபிருக்கு எப்போதும் மூக்கு நுனியில் கோபம். அன்றைக்கு அது கைக்கும் வந்துவிட்டது. தங்கை தகிய்யாவைக் கட்டிக்கொள்ளப்போகும் ஜுப்ரானின் சட்டைக் கழுத்தைப் பிடித்து, அம்ரான் ஊர்ச் சந்தை நெடுக இழுத்துக்கொண்டே போனான். வெங்காய மூட்டைகள் சரிந்தன. விலக்கிவிட வந்தவன் ஒருத்தனுக்கும் மூக்கில் ஒரு குத்து விழுந்தது.

விஷயம் இதுதான். காலையில் மாப்பிள்ளை வீட்டு மஹர் பணம் கைமாறியபோது, ஊரே செய்வதுபோல மிஸ்ஃபிரும் ஒவ்வொரு ரியாலையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். காசில் இருக்கும் ராணியின் தோளில் குத்திய அணி ஊசியில் ஒன்பது முத்து இருக்க வேண்டும். இருந்தால் வெள்ளி, குறைந்தால் கள்ளக்காசு. எங்கள் மலையில் இதைவிடப் பெரிய பரீட்சை கிடையாது. ஒரு காசில் ஏழுதான் தட்டுப்பட்டது. விருந்துக்கு வந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "தங்கச்சியத் தகரத்துக்குத் தள்ளிட்டியாடா?" என்று எவனோ கேட்டான். அந்தச் சிரிப்பு மிஸ்ஃபிரின் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

தட்டான் சுலைமின் கடைமுன் ஜுப்ரானைத் தள்ளிவிட்டுக் காசை விட்டெறிந்தான்.

"இது வெள்ளியா பித்தளையா, சொல்லு!"

"உளி வச்சு வெட்டினாத்தான் உள்ள என்னன்னு தெரியும். செத்த நேரம் குதிக்காம இரு" என்றான் சுலைம்.

ஜுப்ரான் உதட்டு ரத்தத்தைத் துடைத்தான். "மச்சான், அது எங்கம்மா கழுத்துக் காசுமாலையிலருந்து கழட்டினது. உரசி உரசி முத்து தேஞ்சிருக்கும். ஆசையாக் குடுத்தா."

"அப்ப உங்கம்மாதான் கள்ளி!"

பெற்றவளைச் சொன்ன பிறகு எவன் சும்மா இருப்பான்? ஜுப்ரானின் கை இடுப்பு வளைகத்திக்குப் போனது. மிஸ்ஃபிர் முந்திக்கொண்டான். அவன் கத்தி ஜுப்ரானின் விலாவுக்குக் கீழே பிடிவரை இறங்கியது. ஒரு தடவை போதாதென்று மறுபடியும் குத்தினான். தட்டானின் கரியடுப்பைக் கவிழ்த்துக்கொண்டு ஜுப்ரான் விழுந்தான். கூட்டம் அலறியடித்துச் சிதறியது.

சுலைம் கீழே கிடந்த காசை எடுத்தான். அதன்மேல் உளியை வைத்துச் சுத்தியலை ஓங்கிப் போட்டான். காசு இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஓரம்வரை ஒரே வெள்ளை.

"அடப்பாவி, சுத்த வெள்ளிடா" என்றான் சுலைம்.

"இன்னும் வெட்டு!"

நான்காக வெட்டினான். செம்பும் இல்லை, ஈயமும் இல்லை. மிஸ்ஃபிர் கத்தியை விட்டெறிந்தான். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டான்!

மிஸ்ஃபிரின் சித்தப்பா முக்பில் ஓடிவந்து துண்டுகளைப் பொறுக்கித் தன் கைக்குள் மூடிக்கொண்டார். "மூச்சு விடாதே. கள்ளக்காசுன்னே சொல்லிடுவோம். அப்பத்தான் பாதிப் பழி அவங்க தலையில விழும், நீ தப்பிப்பே. வெள்ளின்னு தெரிஞ்சா அவன் அண்ணனுங்க உன்னை இங்கயே சுட்டுப் போடுவானுங்க." தட்டான் பக்கம் திரும்பினார். "வாயத் திறந்தே, உன் கடை இருக்காது."

சந்தை முனையில் ஜுப்ரானின் அண்ணன்மார் துப்பாக்கியோடு வந்துவிட்டார்கள். "என்ன காசுடா அது? சொல்லுங்கடா!"

"கள்ளக்காசு! உங்க அம்மா குடுத்த கள்ளக்காசு!" என்று முக்பில் கத்தினார்.

ஜுப்ரானுக்கு இன்னும் உயிர் இருந்தது. மிஸ்ஃபிரின் கால்சட்டையைப் பிடித்து இழுத்தான். "ஊர் எங்கம்மாவக் கள்ளின்னு சொல்லும் மச்சான்."

குத்துப்பட்டுக் கிடந்தும் மச்சான் என்றுதான் கூப்பிட்டான். மிஸ்ஃபிர் சித்தப்பாவின் விரல்களைப் பிரித்துத் துண்டுகளைப் பிடுங்கினான். அவர் தடுக்கத் தடுக்க நடுச்சந்தைக்குப் போய் நின்று கையைத் தூக்கிக் காட்டினான்.

"வெள்ளி! சுத்த வெள்ளி! உங்கம்மா மேல ஒரு குத்தமும் இல்ல. நான்தான் குருட்டு நாய்!"

முதல் குண்டு தோளில் பட்டது. அவன் விழாமல் நின்று, கடைக்கோடியில் ஒளிந்திருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னான். இரண்டாவது குண்டு நெஞ்சில் பட்டது.